ஒரு சாண் தொட்டிக்கு இருநூறு வருடம்

நாற்றுப் பண்ணையில் அவளுக்குக் கைராசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பதினெட்டு வருடமாகத் தொட்டிகளில் மண் நிரப்புகிறாள். அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை. மூட்டையிலிருந்து வருகிறது, வேறெங்கிருந்து?

அவள் நாத்தனாருக்கு உத்தியோகம், சதுப்பு நிலத்தில் கம்பி குத்துவது. பட்டம் வாங்கிய மகள் சேற்றில் கம்பி குத்துவதை மாமியார் வெளியே சொல்லவே கூசுவார். அப்படி என்னதான் குத்துகிறாள் என்று ஒரு விடுமுறை நாளில் கைராசியும் கூடப் போனாள்.

கால் வைத்தால் தரை மெத்தைபோல் அமுங்கியது; பத்தடி தள்ளி நின்ற செடி தலையாட்டியது. நாத்தனார் ஒரு மீட்டர் கம்பியை அழுத்தினாள். வாழைப்பழத்தில் ஊசி போல் இறங்கியது. அதன் தலையில் இன்னொன்றைத் திருகினாள். பிறகு இன்னொன்று. ஆறாவது கம்பியும் முழுக்க உள்ளே போன பிறகுதான் அடி தட்டியது; ஆழம் ஆறு மீட்டர் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"இவ்வளவும் மண்ணா?"

"மண்ணில்ல அண்ணி, பாசி. செத்த பாசி தண்ணிக்குள்ள மக்காம படிஞ்சு கிடக்கு. ஒரு மில்லிமீட்டர் சேர ஒரு வருஷம் ஆகும். நீங்க மூட்டை மூட்டையா பிரிக்கிற பீட் மண்ணு இதுதான். வெட்டி எடுத்தா உள்ள அடைஞ்சிருக்கிற கரியெல்லாம் வாயுவா காத்துல கலந்து பூமியைச் சூடாக்கிடும்."

வெளியே உருவிய கம்பியைக் கைராசி சாண் போட்டு அளந்தாள். ஒரு சாணுக்கு இருநூறு வருடம். அவள் தொட்டியும் ஒரு சாண்தான். ராஜாக்கள் வந்து, ஆண்டு, செத்து, பேரன்கள் சொத்துக்கு அடித்துக்கொண்ட காலம் மொத்தத்தையும் ஒரே தொட்டியில் அடைத்து, அதன்மேல் ஆறு வாரம் பூக்கும் செடியை நட்டிருக்கிறாள். அதுவும் காலை டீக்குள் நாற்பது தொட்டி! ஈ நுழைந்தாலும் தெரியாதபடி வாய் பிளந்து நின்றாள். திரும்பும்போது காலை ஊன்றவே பயமாக இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போய், சதுப்பில் பார்த்ததைச் சொல்லி, பீட் வேண்டாம், தென்னை நார்த்தூளும் மரப்பட்டையும் இலைமக்கும் கலந்து பார்க்கலாம் என்றாள். அவர் ஒரு மேஜை நிறையத் தக்காளி நாற்றுத் தட்டுகளை ஒதுக்கினார்.

"ஆறு வாரம் கெடு. பொழைச்சா அடுத்த வருஷம் பீட் வாங்கல. செத்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

இரண்டாம் வாரம் நாற்றுகள் மஞ்சளித்துத் துவண்டன. மேல்மண் காய்ந்திருந்தது, தண்ணீர் ஊற்றினாள். இன்னும் துவண்டன, இன்னும் ஊற்றினாள். பாதி போயிற்று. பண்ணையே அவள் கைராசிக்கு இரங்கல் கூட்டம் போட்டது.

செத்த தட்டு ஒன்றைக் கொட்டத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. காய்ந்த மண்ணுக்கு இத்தனை கனமா? கவிழ்த்தாள். மேலே புழுதி, கீழே குளம். பீட்டில் பழகிய கண், புது மண்ணின் மேல்தோலைப் பார்த்து ஏமாந்து, தாகமில்லாத செடிகளை உபசரித்தே கொன்றிருக்கிறது. அன்று முதல் கண்ணை நம்பாமல் ஒவ்வொரு தட்டையும் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தால் குழாயைத் தொடவில்லை.

கெடு முடிந்த நாளில் முதலாளி வந்தார். காய்ந்த மேல்மண்ணைப் பார்த்ததும் ரப்பர் குழாயை எடுத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவரைத் தடுத்தாள். குழாயை மடித்துப் பிடித்தாள்.

"வேண்டாம் முதலாளி. தூக்கிப் பாருங்க."

தூக்கினார். முகம் மாறியது. ஒரு நாற்றை உருவினார். வெள்ளை வெளேரென்று வேர் உள்ளங்கை நீளத்துக்குத் தொங்கியது.

"பாதி செத்துப் போச்சே."

"அது மண்ணு கொன்னதில்ல, நான் கொன்னது."

 அவர் அடுத்த தட்டைத் தூக்கினார். அதற்கடுத்ததையும். மேஜை முடிந்ததும் பீட் வியாபாரிக்கு போன் போட்டு, அடுத்த வருடம் லோடு வேண்டாம் என்றார். என்ன குறை என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"குறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றார் முதலாளி. "அது பாட்டுக்கு அங்கயே கிடக்கட்டும்."