இடமும் இல்லை, வலமும் இல்லை… அப்!

போன செவ்வாய்க்கிழமை கண்டியில், ஏரிக்கு மேலே இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. காரணம் என் அண்ணி.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. கம்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

நான்? எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கியவள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை… மன்னியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அண்ணி வந்து சொன்னார்: "கண்டியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ஆள் தேடுறாங்களாம். இங்கிலீஷ் கொஞ்சம் தெரியணுமாம். கெடைச்சா அங்கேயே ஒரு ரூமும் தாறாங்க. பாப்பாவைக் கண்டி ஸ்கூல்ல சேர்த்துரலாம். இந்த மலையை ஏறி ஏறி என் முழங்காலும் போச்சு. கத்துக் குடுக்கிறியா?"

பாப்பா என்பது என் அண்ணன் மகள். வருகிற ஜனவரியில் முதலாம் ஆண்டு. அண்ணி எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. உட்கார்ந்தோம்.

முதலில் பிரிப்பொசிஷன். இன், ஆன், அட், அண்டர் என்று வருமே… அந்தக் குட்டிச் சொற்கள். நான் படித்த புத்தகத்தில் ஒரு பெட்டியும் ஒரு பந்தும் இருந்தன. பந்து பெட்டிக்குள், பந்து பெட்டி மேல். நானும் ஒரு டம்ளரையும் ஒரு எலுமிச்சங்காயையும் வைத்துத் தொடங்கினேன்.

"ஏம்மா, நாம மேசை மேலன்னு சொல்றோம். இங்கிலீஷ்காரன் என்ன, மேல மேசைங்கிறான்? எல்லாம் தலைகீழா?"

"இந்தக் குட்டிச் சொல்லை பஸ் கண்டக்டர் மாதிரி நினைச்சுக்குங்க அண்ணி. நம்ம ஊர்ல அவர் பின் கதவுல நிக்கிறார். அவங்க ஊர்ல முன் கதவுல நிக்கிறார். அவ்வளவுதான். ஆனா அவரும் பஸ்ஸும் சேர்ந்தேதான் போகணும். தனியா இறக்கி விடக்கூடாது."

அண்ணி தலையாட்டினார். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்துக் கேட்டேன்: நம்ம கோயில் எங்க இருக்கு? இங்கிலீஷில் சொல்லுங்க.

"த டெம்பிள் இஸ் அண்டர் த ஸ்கூல்."

விழுந்து விழுந்து சிரித்தேன். "பள்ளிக்கூடத்துக்கு அடியில கோயில் இருந்தா சாமி நசுங்கிடாதா அண்ணி?"

"டவுன்ல படிச்சு உனக்குக் கண்ணு தட்டையாப் போச்சா? எந்திரிச்சு வெளிய பாரு!"

பார்த்தேன். மேலே பள்ளிக்கூடம். நேர் கீழே, சரிவில், கோயில் கோபுரம்.

அண்டருக்குப் பதில் பிலோ போட வேண்டும், அது சின்ன வேலை. ஆனால் அண்ணியின் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. எங்கள் தோட்டத்தில் இருப்பது லயம் என்கிற வரிசை வீடுகள்; வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. மேல் லயம், கீழ் லயம், வளைவுக்கு அங்கிட்டு, தண்ணீர்ப் பீலிக்கு மேலே… இதுதான் விலாசம். இடது, வலது என்று யாரும் சொல்வதே இல்லை. எப்படிச் சொல்வது? ஒரு வளைவு திரும்பினால் இடது வலதாகிவிடும். மேலே மட்டும் மாறாது!

டம்ளரை எடுத்து வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மலைதான் கரும்பலகை. அப் த ஸ்டெப்ஸ், டவுன் த ரோட், பாஸ்ட் த டெம்பிள்… கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது அண்ணி முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார். "புருஷனைத் திட்டுறியா?" என்று பக்கத்துத் தேயிலை நிரைப் பெண்கள் கேட்பார்களாம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர் மடவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா. கனிவானவர். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, இங்கிலீஷில் பெயர் கேட்டார்.

"யெஸ்" என்றார் அண்ணி.

ஊர் எது?

"யெஸ்."

பயத்தில் படித்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நல்ல பிள்ளையாத்தான் ஈக்கிறாங்க, மகள். ஆனா ஃபோன்ல பேசுற ஆள்தானே எனக்குத் தேவை…"

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாப்பா முகம்தான் கண்ணில் வந்தது.

அப்போது ஃபோன் அடித்தது. அறை போட்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வழி தவறிவிட்டார். அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டு, இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம் திரும்புங்கள் என்று நல்ல இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் திரும்பிக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

"யா அல்லாஹ்! இந்த மனிசன் எங்கதான் நிக்கிறார்?"

"குடுங்கம்மா" என்று அண்ணி கையை நீட்டினார். நான் இழுத்துப் பிடிப்பதற்குள் ஃபோன் அவர் கையில்.

"சேர்! லேக்? பிலோ யூ?"

ஆமாம், ஏரி கீழேதான் தெரிகிறது என்றார் அவர்.

"குட். நோ டவுன். அப்!"

இடது பக்கமா, வலது பக்கமா என்று அவர் கேட்டார்.

"நோ லெஃப்ட், நோ ரைட். அப்! அப் த ஸ்டெப்ஸ்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. படி ஏறுகிறார்!

"பாஸ்ட் த பேக்கரி, சேர். ரவுண்ட் த பெண்ட். அண்டர் த பிக் ட்ரீ."

வரும்போது வழியில் பார்த்த ஒன்றையும் அண்ணி விடவில்லை. ஃபோனோடு வெளியே ஓடினார்.

"அபவ் யூ, சேர்! மீ! அட் த கேட்!"

கீழே வளைவில் ஒரு சிவந்த முகம் நிமிர்ந்தது. கையைத் தூக்கி ஆட்டியது.

யோசித்துப் பார்க்கிறேன். அண்ணி சொன்னதில் ஒரு வினைச்சொல் உண்டா? காலம் உண்டா? வெறும் குட்டிச் சொற்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் இடம். அதைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஒரு மலையையே ஏறி வந்துவிட்டார்! நான் பரீட்சைக்காகப் படித்துப் புள்ளி வாங்கிய சொற்கள்தான் அவை. ஒரு ஆளைத் தூக்கி விடும் பலம் அவற்றுக்கு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"திங்கட்கிழமை வந்துடுங்கோ" என்றார் அந்த அம்மா. "பிள்ளையையும் கூட்டிட்டு வாங்கோ."

கம்பளை பஸ்ஸில் அண்ணனின் ஃபோன் வந்தது.

"என்னாச்சு?"

"மலை ஏற முடியலன்னுதானே வேலை தேடிப் போனேன்? இந்த கெஸ்ட் ஹவுஸை எங்க கட்டி வச்சிருக்காங்கன்னு வந்து பாருங்க!" அண்ணி சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாக, "பாப்பாகிட்ட சொல்லிருங்க" என்றார்.

ஒரே சீட்டில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் நான் அவரை அண்ணாந்துதான் பார்த்தேன்.