இருபத்தேழாம் நம்பர் பஸ் சுந்தராம்பாள்

பள்ளி ஆண்டு மலருக்காகச் சுந்தராம்பாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். புன்னகை, பொறுமை, ஓயாத உழைப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதும்போது எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது என்பது மட்டும் அதில் இல்லை. மலரில் போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சுந்தராம்பாள் என் மகள் வர்ணிகா போகும் பள்ளி பஸ்ஸின் ஆயா. பள்ளியிலிருந்து வரும் கடிதங்களில் அட்டெண்டன்ட். வயது நாற்பத்திரண்டு, ஊர் தாராபுரம் பக்கம். கணவர் பழனிச்சாமி அபுதாபியில், முசஃபாவில் ஒரு கராஜில் டிங்கர் வேலை பார்க்கிறார். இவள் ஷார்ஜாவில், கம்பெனி கொடுத்த ரூமில் ஐந்து பெண்களோடு இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் பஸ் பிடித்து ஷார்ஜா ரோலாவுக்கு வருவார். பார்க்கில் உட்கார்ந்து இருவரும் பார்சல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவரவர் ரூமுக்குத் திரும்புவார்கள். ஒரே மகன் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான்.

இதில் ஒன்றைக்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஏழு வயது வர்ணிகா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னவை. அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

"மம்மி, சுந்தரம்மா முட்டைய இப்படி உடைக்க மாட்டாங்க. தோல் முழுசா வரும்."

"சரி, நாளைக்கு அவங்களையே உடைக்கச் சொல்லு."

"ஓகே" என்பாள். நான் கோபமாகச் சொன்னதுகூட அவளுக்குத் தெரியாது.

நான் துபாயில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் டாக்குமென்ட் பார்க்கிறேன். ஷார்ஜாவிலிருந்து காலை ஆறு மணிக்குமேல் கிளம்பினால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அதனால் ஐந்தரைக்கே இறங்கிவிடுவேன். வர்ணிகா அப்போது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பாள். என் கணவர் அன்பரசனுக்கு ரோலாவிலேயே டைப்பிங் சென்டரில் வேலை. அவர்தான் குழந்தையைக் கிளப்பி பஸ் ஏற்றுவார், மதியம் இறக்கிக்கொள்வார். அவர் போடும் பின்னல் பஸ் படி ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடும். உள்ளே சுந்தராம்பாள் அதைப் பிரித்து மறுபடி பின்னிவிடுவாள்.

சாயங்காலம் நான் வரும்போது என் மகள் தலையில் இன்னொருத்தி போட்ட பின்னல் இருக்கும். நேர் வகிடு, இறுக்கமான இரட்டைப் பின்னல், ஒரு முடி கலைந்திருக்காது. வந்ததும் வராததுமாக அதைப் பிரித்துவிடுவேன். "தலைக்கு எண்ணெய் வைக்கணும்" என்று காரணம் சொல்வேன். எண்ணெய் பல நாள் வைத்ததே இல்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, அக்டோபர் கடைசியில் நடக்கும் விழா. பள்ளிக்கூடம், பக்கத்துச் சர்ச், எங்கள் தெருவின் பில்டிங்குகள் மூன்றும் சேர்ந்து பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்காக ஹாலோவீன் கார்னிவல் நடத்தும். மூன்று வருடமாக நான்தான் செயலாளர். வார நாளில் என் மகளின் பள்ளி வாசலை மிதிக்காத குறையை அந்த ஒரு மாதத்துச் சனிக்கிழமைகளில் தீர்த்துக்கொள்வேன். மைக்கில் என் பெயரைச் சொல்லும்போது வர்ணிகா திரும்பி எல்லோரையும் பார்ப்பாள். அதற்காகத்தான் செய்தேன், மறைப்பானேன்.

மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாஸ்டர், "பேய் பிசாசெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு வேண்டாம் சிஸ்டர்" என்பார். பில்டிங் சங்கத்துக்காக வருபவர் எங்கள் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் செய்கு முகம்மது. "ஹாலோவீன்னு பேரு போட்டா எங்க ஆளுக புள்ளைகள அனுப்ப மாட்டாங்கம்மா" என்பார். பள்ளி நிர்வாகத்துக்குப் பொம்மைக் கத்தி ஆகாது, சிவப்புச் சாயம் ஆகாது. எனவே விழாவுக்கு 'இலையுதிர் கால விழா' என்று நான் பெயர் வைத்தேன். ஷார்ஜாவில் எந்த மரம் இலை உதிர்க்கிறது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. பேய் வீடு 'இருட்டு அறை' ஆனது. பேயை 'முகமூடி' என்று எழுதினேன். பூசணிக்காயை மட்டும் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

போன வருடம் இருட்டு அறையில் ஒரு எல்கேஜி பையன் பயந்து வாந்தி எடுத்துவிட்டான். இந்த வருடம் அந்த அறையே வேண்டாம் என்று பாஸ்டர் பிடிவாதமாக நின்றார். அது நான் உண்டாக்கிய அறை. கறுப்புக் குப்பைப் பைகளை நானே வாங்கி, நானே ஜன்னலில் ஒட்டியது. வயது வாரியாக யாரை எப்படி உள்ளே விடுவது என்று பதினோரு பக்கத்துக்குத் திட்டம் தயாரித்துக்கொண்டு இரண்டாவது கூட்டத்துக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்துக்குச் சுந்தராம்பாளும் வந்திருந்தாள். பிள்ளைகளை அழைத்துவர எந்தெந்த இடத்தில் பஸ் நிற்க வேண்டும் என்று சொல்ல டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அவளை அனுப்பியிருந்தது. நாற்காலி நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சின்னப் பிள்ளை பயந்தா என்ன பண்றது? அதுக்கு வழி சொல்லுங்க" என்றார் பாஸ்டர்.

நான் ஃபைலைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"புள்ளைங்க இருட்டுக்குப் பயப்படறதில்லீங்க சார். ஆருன்னு தெரியாம ஒருத்தரு நின்னாத்தான் பயப்படுதுங்க. கேட்டதுக்குப் பதில் வந்துருச்சுன்னா பயம் போயிருமுங்க."

அப்புறம் தன் பஸ் வழக்கத்தைச் சொன்னாள். சில வருடம் முன்பு ஒரு குழந்தை பஸ் மாறி ஏறிப் பக்கத்து ஊர் அஜ்மானுக்குப் போய்விட்டதாம். அன்றிலிருந்து தினமும் படியில் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேட்கிறாள். பெயர் என்ன, பஸ் நம்பர் என்ன, எந்த ஸ்டாப். மூன்றும் சரியாக வந்தால்தான் ஏற விடுவாள். இப்போது பிள்ளைகள் அவளையே திருப்பிக் கேட்கின்றனவாம், டிரைவர் கான் பாயையும் விடுவதில்லையாம். தன் பஸ் நம்பரைக்கூட அவள் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டா பதில் சொல்ற பேய் பேயே இல்லையே!" என்று பாஸ்டர் மேசையைத் தட்டினார். செய்கு முகம்மதுவும், "இது நல்ல யோசனைம்மா, கலாஸ், முடிஞ்சுச்சு" என்று எழுந்துவிட்டார். பிள்ளைகள் எது கேட்டாலும் முகமூடி பதில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் விலகி வழிவிட வேண்டும் என்று முடிவானது. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. என் பதினோரு பக்கத்தை யாரும் புரட்டக்கூட இல்லை.

கூட்டக் குறிப்பை நான்தானே எழுத வேண்டும்? 'உறுப்பினர்களின் பொதுக் கருத்துப்படி' என்று எழுதினேன். அவள் பெயரை எழுதவில்லை. விழா நாளில் அவளுக்கு கேட் பக்கம் தண்ணீர் கவுன்டரைக் கொடுத்தேன். மைதானத்திலேயே பிள்ளைகளுக்கு எட்டாத மூலை அதுதான்.

இன்னொன்றும் செய்தேன். முகமூடியாக நிற்க வேறு ஒரு அப்பா தயாராக இருந்தார். அவரை டிக்கெட் மேசைக்கு மாற்றிவிட்டு, நானே வேஷம் போடுவதாகச் சொன்னேன். மூன்று வருடத்தில் நான் வேஷம் போட்டதே இல்லை. இதற்கு ஒரே காரணம்தான். வர்ணிகா உள்ளே வருவாள். பயந்து அழுவாள். நான் முகமூடியைக் கழற்றுவேன். "மம்மி!" என்று ஓடிவந்து கட்டிக்கொள்வாள். பெற்ற மகளைப் பயமுறுத்தி அழ வைக்க ஒருத்தி திட்டம் போடுவாளா என்று கேட்காதீர்கள். போட்டேன்.

விழா அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கும் வெயில் காய்ந்தது. சர்ச் பிள்ளைகள் அட்டை இறக்கை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் டெலிவரிக்காரன் வேஷத்தில் முதுகில் பெட்டியோடு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளைகள் நேராகத் தண்ணீர் கவுன்டருக்கு ஓடின. எட்டாத மூலை என்று நினைத்தேனே, அது கேட்டுக்குப் பக்கம் என்பதை மறந்துவிட்டேன். உள்ளே வருகிற ஒவ்வொரு குழந்தையும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

நான் இருட்டு அறைக்குள் போய்க் கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ரோலா கடையில் வாங்கிய ரப்பர் முகத்தை மாட்டிக்கொண்டேன். உள்ளே வியர்வை ஊற்றியது. முதலில் வந்தவர்கள் "உனக்குப் பிடிச்ச ஐஸ்கிரீம் என்ன?", "ஹோம்வொர்க் பண்ணிட்டியா?" என்றெல்லாம் கேட்டார்கள். கரகரத்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்திருந்தேன்.

வர்ணிகா வந்தாள். கூட வந்த தோழி பாதியிலேயே திரும்பி ஓடிவிட்டாள். வாசல் வெளிச்சத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அவள் தலைதான். நேர் வகிடு, இறுக்கமான இரட்டைப் பின்னல். சனிக்கிழமைகூட! வரும் வழியில் கவுன்டரில் நின்று பின்னிக்கொண்டு வந்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஊளையிட்டேன்.

அவள் நின்றாள். மோவாய் நடுங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதோ அழப்போகிறாள் என்று கையை முகமூடிக்குக் கொண்டுபோனேன்.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நேம்?"

"பேய்" என்றேன்.

"பஸ் நம்பர்?"

இது எனக்குத் தெரியும். அவள் பையில் மார்க்கரால் பெரிதாக எழுதியது நான்தான். "பதினாலு!" என்று கர்ஜித்தேன்.

வர்ணிகா கலகலவென்று சிரித்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. "ராங்! அது லாஸ்ட் இயர். பழைய பேக். இப்போ ட்வென்டி செவன். சரி, ஸ்டாப் சொல்லு."

எந்த ஸ்டாப்? சலூன் முன்னாலா, மளிகைக் கடைப் பக்கமா? ரோடு தோண்டுவதால் மாற்றிவிட்டார்கள் என்று அன்பரசன் ஏதோ சொன்னார். எனக்குத் தெரியவில்லை. 

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கிட்டே வந்து, போர்வைக்குள் இருந்த என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"இட்ஸ் ஓகே பேய். எங்க மம்மிக்கும் தெரியாது. நீ தள்ளிக்கோ."

தள்ளிக்கொண்டேன். விதி அது, என் கையாலேயே எழுதினேன். அவள் என்னைத் தாண்டிக் குதித்துக்கொண்டு வெளியே போனாள். நான் முகமூடியைக் கழற்றவில்லை. அதற்குள் இருந்தது நான்தான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்ததும் தண்ணீர் கவுன்டருக்குப் போனேன். சுந்தராம்பாள் பேப்பர் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லீவு நாள்லகூட என் பொண்ணுக்கு நீங்கதான் பின்னணுமா?"

அவள் திகைத்துப் போனாள். "அவுந்து கண்ணுல விழுந்துட்டே இருந்துச்சுங் மேடம். பாப்பா கேட்டுச்சுங்க, அதான்..."

"அவ பஸ் நம்பர் எனக்குத் தெரியல. ஸ்டாப் தெரியல. போதுமா? சந்தோஷமா?"

கப்புகளைக் கீழே வைத்தாள். "என்ற பையன் எந்த பஸ்ல காலேசுக்குப் போறான்னு எனக்குந் தெரியாதுங்க மேடம். கேக்கோணும் கேக்கோணும்னு இருப்பனுங்க, போனு பண்ணுனா மறந்துருது."

எனக்கு அப்போது ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. நன்றாக ஒரு சண்டை வேண்டியிருந்தது. அதையும் அவள் தரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டேன். காலையில் நானே வர்ணிகாவுக்குத் தலை பின்னினேன். வகிடு கோணியது, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்தது. கீழே இறங்கி நான் சலூன் பக்கம் திரும்ப, "அங்க இல்ல மம்மி" என்று என் கையைப் பிடித்து மளிகைக் கடைச் சந்துக்கு இழுத்துப்போனாள். மஞ்சள் பஸ் வந்தது. சுந்தராம்பாள் படியில் நின்று மூன்று கேள்வியும் கேட்டாள். வர்ணிகா மூன்றுக்கும் கத்திப் பதில் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அந்தக் கோணல் பின்னலைச் சுந்தராம்பாள் ஒரு கணம் பார்த்ததை நான் பார்த்தேன். இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் அதைப் பிரித்துப் பின்னிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே துபாய்க்குப் போனேன்.

சாயங்காலம் கதவைத் திறந்த வர்ணிகாவின் தலை பரட்டையாக இருந்தது. கோணல் வகிடு அப்படியே இருந்தது. ஒரு பின்னல் பாதி அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"என்னடி இது? சுந்தரம்மா பின்னலையா?"

"நான் கேட்டேன் மம்மி. 'இது உங்கம்மா போட்டது சாமி, நாங் கை வெக்க மாட்டேன்'னு சொல்லிட்டாங்க."

அவளைச் சோபாவில் உட்கார வைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, அந்தப் பின்னலைப் பிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்குச் சுந்தராம்பாள்மேல் மற்ற எல்லா நாளையும்விட அதிகமாகப் பொறாமை வந்தது.