அவன் ரத்தம், என் பேரு

இது நடந்து ஆறு வருஷம் இருக்கும். விருத்தாசலத்துல பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யிற ஒரு யூனிட்டுல நான் மேஸ்திரி. காப்பீட்டு அட்டை இருக்கறவங்களுக்கு மட்டும், சக்கரை நோய் வராம தடுக்கற திட்டம்னு ஒண்ணு எங்க யூனிட்டுக்கு வந்துச்சு. முதல்ல ரத்தம் எடுப்பாங்க. வர்ற மாதிரி இருந்தா வாரம் ஒரு நாள் கூப்பிட்டு என்ன சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. எல்லாம் காப்பீட்டுலயே.

எனக்குப் பயம். எங்க அப்பாவுக்குச் சக்கரை. எனக்கும் இருந்து தொலைச்சா? தெரியாம இருக்கற வரைக்கும் நிம்மதின்னு நெனச்சேன்.

சூளையில சாமான் அடுக்க ஒருத்தன் வருவான், கருவேப்பிலங்குறிச்சிக்காரன். தினக்கூலி. அட்டை கிடையாது, அதனால லிஸ்ட்டுல அவன் பேரே இல்ல. “எனக்குப் பதிலா போய்க் கைய நீட்டுடா”ன்னேன். “இம்மாம் பெரிய மீசைய வச்சிக்கிட்டு ஊசிக்குப் பயப்படுறீங்களேண்ணே”ன்னு சிரிச்சிக்கிட்டே போயி, என் பேரைச் சொல்லி ரத்தம் கொடுத்துட்டு வந்தான்.

நாலு நாள் கழிச்சு நர்ஸம்மா போன் பண்ணாங்க. “சார், நீங்க எல்லையில நிக்கிறீங்க. இன்னும் சக்கரை நோய் ஆகல. இப்பவே வகுப்புக்கு வந்தீங்கன்னா தடுத்துடலாம்”னாங்க. சரிங்கன்னு வச்சிட்டேன். அது யாரு ரத்தம்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். சொன்னா ஆள் மாத்துனது வெளிய வந்துடும், மானம் போயிடும். சாயங்காலம் அவனே வந்து, “என்னண்ணே சொன்னாங்க?”ன்னு கேட்டான்.

“ஒண்ணும் இல்லடா, நார்மல்”னுட்டேன். பாவி, அதே வாயாலதான் தினமும் டீக்கடையில அவனுக்குச் சக்கரை தூக்கலா ஒரு டீ சொல்லுவேன்.

போன வருஷம் ஒடஞ்ச பீங்கான் சில்லு ஒண்ணு அவன் கால்ல ஏறிடுச்சு. புண்ணு ஆறவே இல்ல. ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. “இத்தனை வருஷமா சக்கரை பார்க்கவே இல்லையா?”ன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. பக்கத்துலதான் நானும் நிக்கிறேன். அவன் சொன்னான்: “அண்ணனுக்காக ஒருவாட்டி ரத்தம் கொடுத்தேங்க. நார்மல்னு வந்துச்சு. அதான் நமக்கு ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டேன்.”

அய்யோ, அந்த இடத்துலயே செத்திருக்கலாம். அப்பவும் வாய் தொறக்கல நான். மறுநாள்தான் அவன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அவன் திட்டல. “சொல்லியிருந்தா வாயக் கட்டியாவது இருந்திருப்பேனேண்ணே”ன்னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம்தான் நானே போய் டெஸ்ட் எடுத்தேன். எனக்குச் சக்கரை இல்லியாம். வேற யாராவது இருந்தா கோயில்ல தேங்கா ஒடச்சிருப்பாங்க. எனக்கு அந்தக் காகிதத்தை வூட்டுல காட்டக்கூட கூசுது. எனக்கு வராத நோய்க்குப் பயந்து, ஒருத்தன் தப்பிச்சிருக்க வேண்டிய வழியை நான்தானே அடைச்சேன்.