பெரியப்பா படித்துச் சொன்ன படம்

இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டிய திரையில் அழுதுகொண்டு நின்ற அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் தேவாலயக் கூடத்தில், கிறிஸ்துமஸ் வாரத்தில் போட்ட ஊமைப் படம் அது. துரைமார் கிளப்பில் விட்டுப்போன பெட்டியில் கிடைத்ததாம். பேச்சே கிடையாது, நடுநடுவே ஆங்கிலத்தில் எழுத்து வரும். சுரங்க ஆபீசில் டைம்கீப்பராக இருந்த பெரியப்பா திரையோரம் நின்று அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். கூடத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் என்ன சொன்னாரோ அதுதான் எங்களுக்குக் கதை.

ஒரு திருடனின் பெண் குழந்தையை நீதிபதி ஒருவர் எடுத்து வளர்க்கிறார். அவள் பெரியவளானதும் வீட்டில் நகை ஒன்று காணாமல் போகிறது. பிறப்பா, வளர்ப்பா என்பதுதான் படம். என் அப்பா ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது, சோற்றுத் தூக்கின் அடியில் தங்கக்கல்லோடு பிடிபட்டு, ஜெயிலிலேயே செத்தவர். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னை வளர்த்தது பெரியப்பா. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு என்னை அனுப்புவதாகப் பாதிரியாரின் மனைவி, எங்களுக்கெல்லாம் ஐயரம்மா, வாக்குக் கொடுத்திருந்தார். அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

திரையில் நீதிபதி அந்தப் பெண்ணை நிற்கவைத்துக் கேட்டார். எழுத்து வந்தது. பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரத்தம் எங்க போவும்? திருடன் பொண்ணு, அவதான் எடுத்தா" என்றார். நீதிபதியின் மகன் ஓடிவந்து தகப்பன் காலில் விழுந்தான். "தங்கச்சிய மன்னிச்சிடுப்பான்னு கெஞ்சறான்" என்றார். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான். மறுவாரம் ஐயரம்மா என் தலையைத் தடவி, "மருந்து அலமாரி சாவியெல்லாம் நர்ஸ் கையில இருக்கும்மா. நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா உன்னதானே கேப்பாங்க?" என்றார். பயிற்சிக்கு வேறொருத்தி போனாள்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் கையை மடியிலேயே வைத்திருப்பேன். அந்த ரத்தம் எப்போது என்னை மீறுமோ என்று பயந்தே ஆயுசில் பாதி போய்விட்டது.

போன மாதம் அந்தப் படம் போனில் கிடைத்தது. இப்போது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வரும். நிறுத்தி நிறுத்திப் பார்க்கவும் முடிகிறது. காலில் விழுந்த மகன், "திருடியது நான்தான் அப்பா, இவள் இல்லை" என்கிறான்.

பெரியப்பாவின் மகன்கள் பெங்களூரில். பெரியப்பா படுக்கையில், என் கையால் சாப்பிட்டுக்கொண்டு. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இன்னாத்துக்கு அப்படி மாத்திச் சொன்னீங்க?"

அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "அப்ப உங்க பெரியம்மா படுத்த படுக்கை. நீ பூட்டா யாரு சோறாக்கறது, யாரு தண்ணி புடிக்கிறது?"

என் ரத்தத்தைப் பற்றி நிஜமாகவே பயந்து சொன்னார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தாலாவது மன்னித்திருப்பேன்.

"துணி நனைஞ்சுபோச்சு, மாத்து" என்றார். மாற்றினேன்.