மண்சட்டி செல்லாது

அஞ்சம்மாள் அத்தை வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பாதாளக் கரண்டியைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அதுதான் வந்த வினை.

கிணற்றில் விழுந்த வாளி, குடம் எடுக்கிற சாமான் அது. ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றிக் கொத்தாகக் கொக்கிகள். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் விழுந்த பொருள் மாட்டும். ஊருக்கே ஒன்றுதான், அது அத்தையிடம் இருந்தது. ஊர் என்றால் திண்டிவனத்துக்கு மேற்கே மூன்று மைல். நாலு தெருவும் ஒரு கோயிலும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. புருஷன் போய்ப் பல வருஷம், பிள்ளை இல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிற ஒன்றரைக் காணிக் கொல்லை, ஒரு பசு, ஊருக்கே கேட்கிற வாய். பள்ளிக்கூடம் மூடியதும் அப்பா என்னை விழுப்புரத்தில் பஸ் ஏற்றிவிடுவார். திண்டிவனத்தில் அத்தை நிற்பாள். "வாடி என் டவுன் எஜமானி, உன் மூட்டைய நீயே தூக்கு" என்பாள். தாயம் ஆடும்போது கூசாமல் ஏமாற்றுவாள். பிடித்துவிட்டால், "நீ மட்டும் பெரிய யோக்கியமா?" என்று சண்டைக்கு வருவாள். அம்மாவைவிட எனக்கு அவளைத்தான் பிடிக்கும். இதை அம்மாவிடமே சொல்லி அடி வாங்கியிருக்கிறேன்.

கரண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவர் ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போக வேண்டும். திருப்பித் தரும்போது எடுத்துக்கொள்ளலாம். பல ஊர்களிலும் உள்ள வழக்கம்தான், இல்லையென்றால் கரண்டி வீடு வந்து சேராது. அத்தை மட்டும் அதற்கு வேறொரு காரணம் வைத்திருந்தாள்.

"வெறுங்கையா போன கரண்டி வெறுங்கையா திரும்பாதுடி. ஒரு உசுர மாட்டிக்கினுதான் வரும்."

கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வாள். எனக்கு உடம்பு சிலிர்க்கும். "இன்னொரு தடவ சொல்லு அத்தை" என்பேன்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் கிணறுகள் அடியோடு இறங்கிவிட்டன. கயிற்றோடு கயிறு முடிந்துதான் தண்ணீர் சேந்தினார்கள். முடிச்சு நழுவினால் குடம் போச்சு. அதனால் தினம் யாராவது கரண்டி கேட்டு வந்தார்கள். அத்தை வீட்டுச் சுவரோரம் அடகுச் சொம்பு ஒன்று போனால் இன்னொன்று வந்து நின்றது.

அன்று மத்தியானம் அத்தை புல் அறுக்கப் போனாள். "யாராச்சும் வந்தா பாத்திரம் வாங்கிக்கினு குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தாசில்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சின்னபொண்ணு வந்தாள். கண்டமங்கலத்துப் பக்கத்திலிருந்து அடுத்த தெருவுக்கு வாழ வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கை வெறுமையாக இருந்தது.

"பாப்பா, பித்தள குடம் வுழுந்துட்ச்சி. மாமியாரு சந்தைக்குப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள எடுத்துடணும். ஜல்தியா குடு பாப்பா."

"பாத்திரம் எங்க?"

"எல்லாம் உள்ரூம்ல பூட்டி, சாவி அவங்க இடுப்புல இருக்குது. வெளிய மண்சட்டிதான் கெடக்குது. அத கொண்டாரவா?"

"மண்சட்டி செல்லாது" என்றேன்.

அப்படி ஒரு சட்டத்தை அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. அது என் சொந்தச் சரக்கு. சின்னபொண்ணு இரண்டு முறை கெஞ்சினாள். பத்து வயசுப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். கடைசியில் தங்கள் கொல்லைக் கிணற்றுப் பக்கம் திரும்பிப் போனாள்.

புல்லுக்கட்டோடு அத்தை வந்ததும் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு அவள் தலையிலிருந்து அப்படியே விழுந்தது.

"எந்நேரம் ஆச்சு?"

"அப்பவே போயிட்டாங்க."

அத்தை கரண்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் ஓடிய எனக்கு, அத்தை திட்டப்போகிறாள் என்ற ஒரே கவலைதான்.

கிணற்று மேட்டில் கயிறு கிடந்தது. குடமும் இல்லை, அவளும் இல்லை. உள்பக்கப் படிக்கற்களில் ஒன்று பெயர்ந்திருந்தது. அத்தை குரல் கொடுத்துப் பார்த்தாள். கிணறு அதே குரலைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்துக் கொல்லையிலிருந்து தாண்டவராயன் ஓடிவந்து இறங்கினார். கரண்டிக்கு வேலையே இருக்கவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான், மிச்சமெல்லாம் பாறை. முதலில் அவளை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு குடம் வந்தது. அதில் சின்ன நசுங்கல்கூட இல்லை.

சந்தையிலிருந்து மாமியார் தலைவிரிகோலமாக வந்து சேர்ந்தாள். "கரண்டி வாங்கியாரேன்னு பக்கத்து வூட்ல சொல்லிட்டுத்தான போனா! எவ அவள வெறுங்கையா அனுப்புனது?"

நான் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அத்தை என் மணிக்கட்டை எலும்பு நோகப் பிடித்தாள்.

"நான்தான். பாத்திரம் இல்லாம தரமாட்டேன்னு சொன்னேன்."

கூட்டம் அத்தையைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒருத்தி மண்ணை வாரி இறைத்தாள். அத்தை துடைக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அழுதேன். "நான் போயி சொல்லிடறேன் அத்தை."

"வாய மூடு. எனக்கு அம்பத்திரண்டு ஆவுது. இன்னும் எத்தினி வருசம் தூக்கப்போறேன்? நீ இத தூக்கிக்கினு எவ்ளோ தூரம் நடக்கணும், யோசிச்சியா?"

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கரண்டி கேட்டு வரவில்லை. பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். மல்லாட்டை பிடுங்கக் கூப்பிட்டாலும் ஆள் வருவதில்லை. ஒற்றை ஆளாகப் பிடுங்கினாள். நான் லீவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். தாயம் ஆடினோம். அத்தை ஏமாற்றுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

எண்பத்தெட்டில் அத்தை போய்விட்டாள். பிணத்தைச் சுற்றி எட்டுப் பேர்கூட இல்லை. சின்னபொண்ணுவின் மாமியார் வந்து வாசலிலேயே நின்றாள்.

"பாத்திரம் கேட்டு எம்மருமவள கொன்ன பாவி, போறியா?"

எனக்கு அப்போது பதினைந்து வயசு. அத்தையின் கை பக்கத்தில்தான் கிடந்தது. என் மணிக்கட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.