விழுறதுக்கு ஒரு ஆள்

போன மாசம் பூரா என் மக, அவ அம்மாவைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டா. நான் ஓரமா உக்காந்து அவிச்ச கடலை தின்னுக்கிட்டு இருந்தேன்.

பதறாதீங்க. ஜூடோ.

மக கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் கடைசி வருஷம். மாவட்ட டீம் செலக்‌ஷனுக்கு ஒரு மாசம் இருக்கையில, அவகூட பிராக்டிஸ் பண்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பொண்ணுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. எங்க ராஜபாளையம் கிளாஸ்ல அவ எடைக்கு வேற பொண்ணு கிடையாது. தூக்கிப் போட ஆள் இல்லாம ஜூடோ எப்படிப் பழகுறது? பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

அப்பன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? கிளம்பிட்டேன். பக்கத்து ஊர்ல பேண்டேஜ் துணி நெய்யுறாங்கங்கிற தைரியம்தான்.

மக என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. நான் அசையல.

“அப்பா, செத்த ஒத்துழைங்க.”

“விழத்தான் பாக்கேன் தாயி. வயிறு விட மாட்டேங்கு.”

கடைசியா விழுந்தேன் — அவ மேலயே. மாஸ்டர் ஓடி வந்து பிள்ளையை வெளிய இழுத்தார். “சார், நீங்க வேண்டாம். வீட்டுல அவிய எடை எம்புட்டு?”

“அதைக் கேக்குற தைரியம் இருந்தா நான் ஏன் சார் இங்க வாரேன்?”

ராத்திரிச் சாப்பாட்டுல இதை ஜோக்கா சொன்னேன். வீட்டம்மா சிரிக்கல. “நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”ன்னு மட்டும் கேட்டா.

வீட்டம்மாவுக்கு முதல் வாரம் விழுறதுக்குத்தான் பாடம். தாடையை நெஞ்சோட ஒட்டணும், கையால மெத்தையை ஓங்கி அடிக்கணும். பொறவுதான் மக கிட்டேயே வந்தா. வந்தும், அம்மாவைப் பூ மாதிரி இறக்கி வச்சா.

“ஏட்டி, கொலு பொம்மையா அடுக்குத? நல்லா போடு.”

“உன்னை எப்படிம்மா...”

“நான் விழுந்துக்குவேன். நீ போடு.”

போட்டா. எனக்குக் கடலை தொண்டையில நின்னுச்சு. வீட்டம்மா எந்திரிச்சு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு, “ம்... இன்னொண்ணு” அப்படின்னா.

அன்னைக்கு போன்ல தேடிப் படிச்சேன். ஜப்பான்ல அடி வாங்கிட்டு இருந்த ஒரு நோஞ்சான் பையன், பழைய மல்லுக்கட்டு வித்தையான ஜுஜுட்சுவைக் கத்துக்கிட்டு, ஆபத்தானதை ஒதுக்கி உண்டாக்கினதுதான் ஜூடோவாம். சிஷ்யங்க கப்பலேறிப் போனாங்க. பிரேசில்ல அது தரையில உருண்டு மடக்குற வித்தையா மாறுச்சு. ரஷ்யாக்காரங்க அவங்க ஊர் குஸ்தியோட கலந்துக்கிட்டாங்க. கடைசியில எங்க ஊர் மில்லுக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகைக்கும் வந்துருச்சு.

எல்லாத்துலயும் தூக்கிப் போட்டவங்க பேரு இருக்கு. ஆனா எந்த ஊர்லயும், ‘நான் விழுந்துக்குவேன், நீ போடு’ன்னு ஒருத்தர் முன்னால வந்து நின்னிருக்கணும்ல? அவங்க பேரைத் தேடினேன்... ஒண்ணும் கிடைக்கல.

போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர்ல செலக்‌ஷன். கடைசி மேட்ச்ல மக ஒரே வீச்சு — எதிராளி முதுகு மெத்தையில. செலக்ட் ஆயிட்டா.

எதிராளிக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லணும், அது முறை. சொன்னா. அப்படியே நேரா எங்ககிட்ட வந்து, அவ அம்மா முன்னால நின்னு, அதே மாதிரி இடுப்பு வளையக் குனிஞ்சா.

“ஏட்டி, எல்லாரும் பாக்காக...” வீட்டம்மா துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கிட்டா.

நானும் வீட்டம்மா பக்கம் திரும்பி நல்லா குனிஞ்சேன். என்னை நிமித்தத்தான் ரெண்டு பேரு தேவைப்பட்டாங்க.