சண்டையில் மிஞ்சிய பெட்டி

சாய்ந்த மரம்

“வாளை விடுடா, ஓடு” என்றார் சின்னையா அண்ணன். மரம் அறுக்கும் வாளின் ஒரு பிடியில் நான், மறு பிடியில் அவர். சவுக்கு மரம் நாங்கள் நினைத்த பக்கம் போகாமல் எங்கள் பக்கமே திரும்பிச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் வாளை உருவப் பார்த்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினார். விழுந்த மரம் வாளை வளைத்து, ஒரு நிரைத் தேயிலையையும் நசுக்கியது. மரம் வெட்டுகிறவன் முதலில் படிக்க வேண்டிய பாடம், எதைப் போட்டுவிட்டு ஓடுவது என்பதுதான். மரத்தடியில் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து, வளைந்த வாளைக் காலால் புரட்டிப் பார்த்தார். “வாளு போனா வேற வாளு வரும்ங்க. கை போனா காம்பராவும் போயிரும்” என்றார் சின்னையா அண்ணன். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்களுக்குத் தெரியும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் பேர் இல்லாதவனுக்கு மாலையில் தங்க இடம் இல்லை. கண்டாக்கையா சிரிக்காமல் சொன்னார்: “ஒனக்குக் கால் இருந்துச்சு, ஓடுன. வாளு பாவம், என்னா செய்யும்?”

பெட்டி

மரத்தை வெட்டுவது பாதி வேலை. அடிக்கட்டையை வேரோடு எடுக்காவிட்டால் அது அழுகி, நோய் வேர்வழியாகத் தேயிலைக்குப் போகும். குத்திக் கிளப்ப அலவாங்கும் அள்ள மண்வெட்டியுமாக ஒரு கட்டைக்கு மூன்று நாள் ஆகும். தோட்டத்துத் துரைக்குப் பொறுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியும், எங்கிருந்தோ ஒரு பெட்டி வெடிமருந்துக் குச்சிகளைக் கொண்டுவந்து, கட்டைகளை வெடிவைத்துக் கிளப்பச் சொன்னார். மாட்டேன் என்றால் பத்துச்சீட்டு. தோட்டத்தைவிட்டுப் போகவேண்டியதுதான்.

இந்த வேலைக்கு விட்ட எங்கள் மூவரில் வெடியைக் கிட்டத்தில் பார்த்தவர் சூசை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது திருக்கோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

“பழைய சரக்கு. குச்சி வேர்த்திருக்கு பாரு. வேர்த்த குச்சிக்குக் கோவம் ஜாஸ்தி.”

“சண்டையில ஜெயிச்சவங்க சரக்குதானே. நல்லாத்தான் இருக்கும்” என்றேன்.

“நல்லாயிருந்தா அங்கயே போட்டிருப்பானுங்கல்ல? மிச்சம் எதுக்கு நம்மகிட்ட வருது?” என்றார் சின்னையா அண்ணன்.

சூசை மூடியை மெதுவாக வைத்தார். “ரெண்டு பக்கமும் நல்ல மருந்துதான் போட்டானுங்க. எனக்குப் பக்கத்துல மூட்டை தூக்குனவன் எந்தப் பக்கம்னு ஒரு குண்டும் கேக்கல.”

தலைவலி

குச்சியை வெறுங்கையால் தொட்டால் ஒரு மணி நேரத்தில் தலை பிளக்கும். முதல் நாள் மூவரும் மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்திலேயே படுத்துவிட்டோம். சின்னையா அண்ணன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டி, பிளேன்டீயைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தார்.

தோட்டத்து மருந்துக்காரர் எங்கள் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், யார் காய்ச்சிய சாராயம் என்று கேட்டார். விஷயத்தைச் சொல்லிக் கைகளை நீட்டினோம். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “கையக் கழுவிட்டு வாங்க. இல்ல, வராமலே இருங்க.”

பதினொரு சத்தம்

பன்னிரண்டு கட்டைகளில் குச்சி வைத்தோம். பாறைக்குப் பின்னால் குந்தி, விரல்விட்டு எண்ணினோம். பதினொரு சத்தம்தான் வந்தது. “இன்னைக்கு யாரும் கிட்ட போகக்கூடாது. நாளைக்கும் அதைத் தோண்டக்கூடாது. ஒரு அடி தள்ளிப் புதுசா வைக்கணும்” என்றார் சூசை. கண்டாக்கையாவும் அதையே உத்தரவாகச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

மறுநாள் காலை சூசை திரி வாங்கக் கீழே போயிருந்தார். புதுக் குழிக்கு இடம் பார்க்கச் சின்னையா அண்ணன் வெடிக்காத கட்டையைச் சுற்றி வந்தார். நான் தள்ளி நின்று கேட்டேன்: “உள்ளுக்குப் பொந்தா இருக்குமோண்ணே? அதான் தண்ணி எறங்கி நனைஞ்சிருச்சோ?”

மரம் வெட்டுகிறவனிடம் இதைக் கேட்டால் வாயால் பதில் வராது. கோடரியைத் திருப்பி, பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி, ஓசையைக் கேட்டுத்தான் சொல்வான். சின்னையா அண்ணன் முப்பது வருஷம் அப்படித் தட்டியவர். யோசித்திருந்தால் தட்டியிருக்க மாட்டார். கோடரியைத் திருப்பினார்.

நான் சரிவில் கிடந்தேன். எழுந்து போனபோது அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. தலைத்துண்டால் இறுக்கிக் கட்டி, கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்ததும் கேட்டார்: “பொந்தா, கெட்டியாடா? சத்தத்துல வெளங்கல.”

விசாரணை

உத்தரவை மீறித் தொட்டிருந்தால் தப்பு சின்னையா அண்ணனுடையது, தோட்டத்துக்குப் பொறுப்பில்லை. யாராவது தூண்டியிருந்தால் அவனுக்கும் பத்துச்சீட்டு. ஆபீசுக்குக் கூப்பிடும் முன்பே இது எனக்குத் தெரிந்திருந்தது. என் காம்பராவில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

“தட்டச் சொல்லி யாராச்சும் சொன்னீங்களா?” என்று கேட்டார் கண்டாக்கையா. துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க” என்றேன். நான் சொல்லவில்லைதான், கேட்டேன்.

கண்டாக்கையா பேனாவை மூடினார். “அப்ப அவனாத்தான் தட்டியிருக்கான். சரி, நீ வேலைக்குப் போ.”

தலவாக்கலை பஸ்

பெரட்டிலிருந்து சின்னையா அண்ணன் பேரை வெட்டினார்கள். மாத முடிவில் அவர் காம்பராவை ஒப்படைத்துவிட்டு, தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் இருக்கும் மகளிடம் கிளம்பினார். சூசையும் நானும் றோட்டுக்குக் கூடவே வந்தோம். ஆபீசில் நான் சொன்னது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை.

பெட்டியில் மிஞ்சியதை யாரோ வந்து எடுத்துப்போனார்கள். நாங்கள் அலவாங்குக்குத் திரும்பினோம், மெதுவாகத் தோண்டுகிறோம் என்று அதன்பிறகு யாரும் திட்டவில்லை, அந்தச் சண்டையில் எங்கள் பக்கத்துக்குக் கிடைத்த வெற்றி அவ்வளவுதான்.

பஸ் தாமதமாகியது. “அங்க எனக்கு என்னா வேலை தருவாங்க, சூசை?” என்று கேட்டார் அண்ணன்.

“காவலுக்குப் போடுவாங்க. விசில் ஊத ஒரு கை போதும்.”

“விசிலுக்குக் கையே வேணாம்டா.”

நான் அவர் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, அதன் முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தேன். அவர் சூசையிடம் பேசிக்கொண்டே வாயைத் திறந்தார்.